குடோன் ஆத்தா

வடக்கனந்தலில் பஸ் ஏறி கள்ளக்குறிச்சியில் இறங்குவதற்குள் அம்சவள்ளியின் கதை மூன்று சுற்று பெருத்துவிடும். ஏறும்போது, ஜவ்வரிசி மில்லில் தீப்பிடித்த அன்றைக்கு அவள்மேல் மாரியாத்தா இறங்கி, பூட்டின குடோனுக்குள் ஒருத்தி கிடப்பதைக் கண்ணால் பார்க்காமலே சொல்லிவிட்டாள் என்பார்கள். பாதி வழியில் ஒருவர், இரும்பு ஷட்டரை அவள் ஒற்றை விரலால் தூக்கினாள் என்று சேர்ப்பார். இறங்குகிற நேரத்துக்கு அவள் தீக்குள் நடந்து போய்த் திரும்பியிருப்பாள். தலையில் வைத்த கனகாம்பரம்கூட வாடியிருக்காது. தியாகதுருகத்தில் கேட்டால் ஷட்டர் அவளைக் கண்டு தானே எழும்பியது. மலைமேல் கரியாலூரில் அவளுக்கு ஒரு புலியையும் வாகனமாகக் கொடுத்துவிட்டார்கள்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. பஸ் போகிற தூரத்துக்குக் கதையும் போக வேண்டுமே. ஆனால் ஒன்று. அம்சவள்ளி மில்லுக்குப் பூ வைத்துக்கொண்டு போனதே கிடையாது. மாவுத் தூசிக்காக அங்கே எல்லாப் பெண்களும் தலையோடு வாயையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். பூ வைத்தால் கூழாகிவிடும். பூவே பொய்யென்றால் புலியை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? உள்ளபடி நடந்தது இதுதான். கேட்டுவிட்டுப் பிறகு எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறுங்கள்.

அம்சவள்ளிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. சொந்த நிலம் என்று ஒரு முருங்கை நடும் அளவுக்குக்கூட இல்லாத குடும்பம். பாவாடை கட்டிய வயதிலேயே அம்மாவோடு நடவுக்குப் போனவள். அப்போது பண்ணைக்காரர் வரப்பில் நின்று ஆள் பேரைக் கூப்பிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பின்தங்கியிருப்பாள். புருஷன் அடித்துவிட்டான் என்று ஒருத்தி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவர்கள் பேரைக் கூப்பிட்டதும் சேற்றில் குனிந்திருக்கிற எவளாவது "இருக்கேன்" என்று சொல்லிவிடுவாள். இதற்குக் "கொரல் குடுக்கறது" என்று பேர். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. கொடுக்க மாட்டேன் என்கிறவளோடு யாரும் வெற்றிலை பங்கு போட மாட்டார்கள்.

மற்றவர்கள் கொடுக்கிற குரல் கடன் வாங்கின பாத்திரம்போல இருக்கும், பார்த்தாலே தெரியும். அம்சவள்ளி கொடுத்தால் அந்தப் பெண்ணே வந்து நின்றதுபோல இருக்கும். மூக்கால் பேசுகிறவளுக்கு மூக்கால், இழுத்துப் பேசுகிறவளுக்கு இழுத்து. நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போனபோதும், பிறகு ஜவ்வரிசி மில்லில் கிழங்கு சீவப் போனபோதும் அந்தத் திறமை கூடவே போனது. ஒருமுறை அவள் கொடுத்த குரலைக் கேட்டு, வராத பெண்ணின் மாமியாரே திரும்பிப் பார்த்து, "எப்போடி வந்த?" என்றாளாம். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த மில்லின் முதலாளி வெங்கடேசன். மலையிலிருந்து லாரி லாரியாக வருகிற குச்சிக்கிழங்கை வாங்கி, சீவி, அரைத்து, ஜவ்வரிசியாக்கி விற்கிறவர். நல்ல மனிதர், கரண்ட் பில் வருகிற நாளைத் தவிர. பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்று அவரிடம் சரக்கு எடுக்க ஆசைப்பட்டது. ஆனால் அவர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். தீ, வெள்ளம், பாய்லர் விபத்து என்று எது வந்தாலும் ஆட்களை எப்படிக் காப்பாற்றுவீர்கள், அதற்கு ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டார்கள். "பிள்ளையார் இருக்காரு" என்றார் முதலாளி. அது போதாது என்றார்கள்.

அப்படித்தான் அன்புச்செல்வன் வந்து சேர்ந்தான். தியாகதுருகத்துப் பையன், டிப்ளமோ படித்தவன், புதுசாகக் கல்யாணம் ஆனவன். பாதுகாப்பு அதிகாரி என்று சட்டைப் பையில் அட்டை தொங்கும். வந்த வாரமே கூரைமேல் சைரன் மாட்டினான், சுவரெல்லாம் அம்புக்குறி வரைந்தான், சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட்டான். பெண்கள் அவனுக்கு சைரன் சார் என்று பேர் வைத்தார்கள். வாளிகளில் வெற்றிலை துப்பினார்கள்.

ஆபத்து வந்தால் எல்லாரும் வந்து கூட வேண்டிய இடம் என்று வாசலருகே புளியமரத்தடியில் ஒரு பலகை நட்டான்.

"உச்சி நேரத்துல புளியமரத்தடியிலயா சார்?" என்றாள் தைலம்மாள். மில்லில் மூத்தவள், வாயும் மூத்தது. "தீக்கிட்ட தப்பிச்சி பேய்க்கிட்ட மாட்டிக்கவா?"

"பேயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"உனக்கென்னா சார், நீ ஆம்பள. அது பொம்பளயத்தான் புடிக்கும்."

அன்புச்செல்வன் தலையைச் சொறிந்துவிட்டுப் பலகையைப் பிடுங்கி, எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நட்டான்.

முதல் ஒத்திகை சந்தி சிரித்தது. சைரன் ஊதியதும் பெண்கள் ஓடினார்கள், சாப்பாட்டுத் தூக்கு இருக்கிற அலமாரிக்கு. எடுத்துக்கொண்டு நிதானமாக வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். ஒருத்தி பாதி வழியில் திரும்பிப்போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தாள்.

"தீப்புடிச்சிருக்குது, தூக்க எடுத்துகினு வரீங்களேம்மா!" என்று அன்புச்செல்வன் கத்தினான்.

"தீப்புடிச்சா பசிக்காதா சார்?" என்றாள் அம்சவள்ளி.

அவனோ விடாக்கண்டன். ஏட்டில் இருந்து பேர் படித்து ஆள் சரிபார்ப்பதுதான் இதில் உயிர் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "ஆளு மொதல்ல. எல்லாரும் வெளிய வந்துட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் ஷட்டர எறக்கி காத்த அடைக்க முடியும். ஒருத்தர் உள்ள இருந்தாலும் எறக்கக் கூடாது. புரியுதா?" எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த ஒத்திகையைப் பார்க்க பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சைரன் ஊதியது, பெண்கள் வந்து நின்றார்கள், அன்புச்செல்வன் பேர் படித்தான். மணிமொழி என்று கூப்பிட்டான். மணிமொழி அன்றைக்குக் கரியாலூரில் அக்கா மகளின் காதுகுத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். "இருக்கேன் சார்" என்று மணிமொழியின் கட்டைக் குரல் கூட்டத்தின் நடுவிலிருந்து வந்தது. வாயில் துண்டு கட்டின கூட்டத்தில் எந்த வாய் அசைந்தது என்று எவன் கண்டான்?

"நூத்துக்கு நூறு!" என்று அன்புச்செல்வன் கை தட்டினான். பெங்களூர்க்காரர்களும் தட்டினார்கள். முதலாளி ஆளுக்கொரு மிக்சர் பொட்டலம் கொடுத்தார். மணிமொழியின் பொட்டலத்தை அம்சவள்ளி வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். நேர்மையான பெண். மறுநாள் பிரிக்காமல் கொடுத்தாள்.

இலக்கியா அம்சவள்ளிக்கு அடுத்த வீட்டுக்கு வாழ வந்தவள். மில்லுக்கு அவளைக் கூட்டிவந்து சேர்த்ததும் அம்சவள்ளிதான். சைக்கிள் மணி அடித்ததுபோல மெல்லிய கிணுகிணுக் குரல் அவளுக்கு. கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். சாயங்காலம் தெருமுனையில் நின்று "தமிழு" என்று கூப்பிட்டால், உள்ளே தவழ்ந்துகொண்டிருக்கிற பிள்ளை வாசலுக்கு வந்துவிடும். அந்தக் குரலைப் பிடிக்க அம்சவள்ளிக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பிடித்த பிறகு, மற்ற எல்லாக் குரலையும்விட அதுதான் அவளுக்குப் பெருமை.

அன்றைக்குக் காலையிலிருந்தே இலக்கியாவுக்கு அடிவயிற்றில் வலி. முகம் வெளுத்துப்போய்க் கிழங்கைச் சீவுவதற்குப் பதில் கையைச் சீவிக்கொள்ளப் பார்த்தாள்.

"இன்னாடி, மாசாந்தரமா?" என்றாள் அம்சவள்ளி.

"ஆமாங்க்கா. நிக்க முடில."

"சாக்கு குடோன்ல போயி சாக்கு மேல சித்த நேரம் படு. எவன்னா கேட்டா நான் கொரல் குடுத்துக்கறேன், போ."

இலக்கியா போய், படுத்ததும் அசந்து தூங்கிவிட்டாள். சோறு தின்கிற வேளை தாண்டி, குடோன் சுவரில் இருந்த பழைய ஒயர் ஒன்று பொறி விட்டு, அடுக்கிலிருந்த காலிச் சாக்கில் பிடித்தது. கோணிச் சாக்கு எரிவதைவிடப் புகைவதுதான் ஜாஸ்தி. வாசலில் கரும்புகை தெரிந்ததும் அன்புச்செல்வன் சைரனை அழுத்தினான்.

ஒத்திகைக்குச் சிரித்த பெண்கள் இப்போது தூக்கை மறந்து ஓடி வந்தார்கள். வேப்பமரத்தடியில் நின்றார்கள். அன்புச்செல்வன் பேர் படித்தான். ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது.

"இலக்கியா?"

பதில் இல்லை.

"இலக்கியா!"

"இருக்கேன் சார்" என்றது அம்சவள்ளியின் வாய்.

வாய் என்றுதான் சொல்ல வேண்டும். மனசு அப்போது புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலங்காலமாகப் பேர் கூப்பிட்டு, பதில் வராமல் போனால் அந்த இடைவெளியை நிரப்பிப் பழகின வாய். மாடு பழகின தடத்தில் போவதுபோல அது போய்விட்டது. கிணுகிணுவென்று, இலக்கியாவே நின்று சொன்னதுபோல.

"ஆளு எல்லாம் வெளிய வந்தாச்சு! ஷட்டர எறக்குங்க!" என்றான் அன்புச்செல்வன். கடகடவென்று ஷட்டர் இறங்கியது. அவன் போனில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னான்: "உள்ள யாரும் இல்லீங்க சார். எல்லாரும் சேஃப்."

அம்சவள்ளி பக்கத்தில் திரும்பி, "உனக்குக் கொரல் குடுத்தேன்டி" என்று சொல்ல இலக்கியாவைத் தேடினாள். அப்போதுதான் காலையில் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சொன்ன வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தாள்.

அடுத்து நடந்ததுதான் எந்த பஸ்ஸிலும் யாரும் சொல்லாதது. அவள் உடனே கத்தவில்லை. கத்த வாயைத் திறந்தாள். உள்ளே இருக்கிறாள் என்று சொன்னால், அப்புறம் இங்கே பதில் சொன்னது யார் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி தொண்டையில் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. முதலாளி முகம், சைரன் சார் முகம், வேலை, ஊர்ச் சிரிப்பு எல்லாம் கண்முன் வந்தன. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். ஷட்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி புகையை விழுங்கிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் இவள் எச்சிலை விழுங்கினாள். நேரம் ஒன்றும் அதிகமில்லை. ஒரு வாய்தான்.

பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அது யாருடைய குரலும் இல்லை, அவளுடையதுகூட இல்லை. துண்டு அவிழ்ந்து விழுந்தது, கொண்டை கலைந்தது, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"தொறங்கடா! எம்பொண்ணு உள்ள கீறாடா! தொறங்கடா!"

"ஆத்தா வந்துட்டாடி!" என்று தைலம்மாள் தலைமேல் கை குவித்தாள். "இன்னாடி பாத்துகினு நிக்கிறீங்க, வேப்பல ஒடிச்சிகினு வாங்கடி!"

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சார், ஆளு செரியா கீது சார்!" என்று அன்புச்செல்வன் குறுக்கே விழுந்தான். "நான் பேர் படிச்சேன், எல்லாரும் பதில் சொன்னாங்க. இப்ப தொறந்தா காத்து பூந்து தீ ஜாஸ்தியாயிடும் சார்!"

"ஆத்தா பேச்சுக்கு மேல உம்பேச்சா? தொறடா ஷட்டர!" என்றார் முதலாளி.

தொழிலாளி ஒருத்தி சொல்லியிருந்தால் அவர் திறந்திருப்பாரா என்பது வேறு விஷயம். ஆத்தா சொன்னாள், திறந்தார்கள். லோடுமேன்கள் இரண்டு பேர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அந்த நேரத்தில் தைலம்மாள் அம்சவள்ளியின் கையில் வேப்பிலையைத் திணித்துக் கேட்டாள்: "யாரு தாயி நீ? எந்த ஊரு ஆத்தா?"

அம்சவள்ளிக்கு அப்போது நன்றாக நினைவு இருந்தது. கால் தரையில் இருந்தது, எதிரே இருந்தவர்களை அடையாளம் தெரிந்தது. நான் அம்சவள்ளி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆத்தாவிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகவே அவள் ஆடினாள். லோடுமேன்கள் இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்வரை ஆடினாள். வந்த பிறகும், நிறுத்தினால் யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று இன்னும் கொஞ்சம் ஆடினாள்.

இலக்கியா பிழைத்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்து, வீட்டுக்கு வந்தாள்.

பேர் படித்தபோது பதில் சொன்னது யார் என்று மில் பெண்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். எவளோ ஒருத்தி குரல் கொடுத்திருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரென்று தோண்டினால், போன மாதம் மணிமொழிக்குக் கொடுத்தது யார், அதற்கு முன்னால் உனக்குக் கொடுத்தது யார் என்று தோண்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஆத்தாவே எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தாள்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் சௌகரியப்படவில்லை. அன்புச்செல்வன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இலக்கியான்னு கூப்புட்டேன் சார். ஒரு கொரல் வந்துச்சு. எங்காதால கேட்டேன் சார்."

"நீ எண்ணுனப்ப எல்லாரும் இருந்தாங்க. ஆத்தா எண்ணுனப்ப ஒருத்தி இல்ல. எது கரெக்ட்டுப்பா?" என்றார் முதலாளி. மாசக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சைரன் ஒயரைப் பிடுங்கினார். வேப்பமரத்தடியில் பலகை இருந்த குழியிலேயே ஒரு சூலத்தை நட்டார். ஒத்திகை கித்திகை எல்லாம் இனி வேண்டாம். எது வருவதானாலும் ஆத்தா முன்கூட்டிச் சொல்லிவிடுவாள் என்றார்.

அம்சவள்ளியின் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம். காணாமல்போன ஆடு, ஓடிப்போன மருமகள், கிணற்றில் தண்ணீர் எங்கே என்று கேட்டு வந்தார்கள். அவள் உள்ளே போய்ப் போர்த்திப் படுத்துக்கொள்வாள். அவளுடைய புருஷன் சின்னராசு கிழங்கு லாரியில் லோடு ஏற்றுகிறவன். அதுவரை ஊரில் அவனுக்கு யாரும் வணக்கம் வைத்ததில்லை. இப்போது வாசலில் நின்று, "ஆத்தா இப்ப மௌனத்துல கீறாங்க, தேங்காய அப்பிடி வச்சிட்டுப் போங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டான். வீட்டில் தினமும் தேங்காய்ச் சட்னி. அவள் மட்டும் அதைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்தாள்.

"இன்னாடி, உப்பு கம்மியா?" என்றான் சின்னராசு.

"உனக்குக் கூச்சமே இல்லியாய்யா?"

"நான் எதுக்குக் கூச்சப்படணும்? எம்பொண்டாட்டி ஒரு உசுர காப்பாத்துனவ."

அவள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

ஒருநாள் சந்தையில் தைலம்மாள் வாய் நிறையச் சிரிப்போடு வந்தாள். "சங்கதி தெரியுமா? சைரன் சாரு கள்ளக்குறிச்சியில காது டாக்டர்கிட்ட போயிருக்கான்டி. எங்காதுல இல்லாத கொரல் கேக்குது, பாருங்கன்னு. டாக்டரு மிஷினெல்லாம் வச்சிப் பாத்துட்டு காது நல்லாத்தான் கீதுன்னாராம். அப்ப மூளயான்னு அந்தப் பொண்ணு, அவன் பொண்டாட்டி, அழுவுதாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்சவள்ளியும் சிரித்தாள், பழக்கத்தில். சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வாங்கின கத்திரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இலக்கியா வீட்டுப் பக்கம் போவதைக் கூடியவரை தவிர்த்தாள். ஆனால் ஒரு சாயங்காலம் இலக்கியாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புகை அவளுடைய தொண்டையை அரித்திருந்தது. பேசினால் ஈரமரத்தில் ரம்பம் போடுகிற மாதிரி ஒரு சத்தம். நாளாக நாளாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றிருந்தார் டாக்டர்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

அம்சவள்ளி, அன்றைக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தாள். கேட்டுவிட்டால் நல்லது என்றும் நினைத்தாள்.

"இவன் எங்கொரலுக்கு வரமாட்டேங்கறான்க்கா. நான் கூப்புட்டா பயந்துகினு ஆயாகிட்ட ஓடறான்." இலக்கியா பிள்ளையைக் கீழே விட்டாள். "உனக்கு எங்கொரலு வருமில்ல? ஒருவாட்டி கூப்புடேன். என் மொகத்த பாத்துகினே கேட்டான்னா, நான்தான்னு தெரிஞ்சிக்குவான்."

அவள் முகத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. வெகுளியாகக் கேட்டுவிட்டு, தயாராகப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அம்சவள்ளி வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் அந்தக் கிணுகிணுக் குரல் அப்படியே இருந்தது. உலகத்திலேயே இப்போது அது இருக்கிற ஒரே இடம் அந்தத் தொண்டைதான். கடைசியாக அதை எதற்கு எடுத்தோம் என்று நினைத்ததும், எடுக்க முடியவில்லை.

"வரலடி" என்றாள். "மறந்துட்டேன்."

"போவுது வுடுக்கா" என்று இலக்கியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது குனிந்து அம்சவள்ளியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்சவள்ளி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி முழுக்க அந்தக் காலைத் தரையில் ஊன்றவே அவளுக்குக் கூசியது.

அன்புச்செல்வன் கிளம்ப வேண்டிய வாரம். போகிறவன் போயிருக்கலாம். ஆனால் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தவன், பாய்லரிடம் நின்றுவிட்டான். அழுத்தம் மீறினால் ஆவியைத் தானாக வெளியே விடுகிற வால்வு ஒன்று அதன் தலையில் உண்டு. அது அடிக்கடி சீறி ஆவியை வீணாக்குகிறது என்று யாரோ அதைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவன் ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னான்.

"மொதலாளி, ஒடனே நிறுத்தணும். ஆவி போறதுக்கு வழியே இல்ல. வெடிச்சா சீவற கொட்டாயில ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

"வாசல்ல கெழங்கு லாரி வரிசையா நிக்குதுப்பா. நாளைக்குள்ள அரைக்கலன்னா எல்லாம் கறுத்துப்பூடும். போன வருஷமும் அந்தக் கம்பி இருந்துது. ஒண்ணும் ஆவல."

"மொதலாளி, தயவுபண்ணி..."

"நீ சொன்ன கணக்குதான் பாத்தமே." முதலாளி யோசித்தார். பிறகு அவருக்கு நல்ல வழி ஒன்று தோன்றிவிட்டது. "வெள்ளிக்கெழமதான இன்னிக்கி? ஆத்தாவ கேப்போம். ஆத்தா ஓட்டுன்னா ஓட்டலாம். நிறுத்துன்னா நிறுத்தலாம்."

எல்லாரையும் வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னார். சைரன் இல்லாததால் தைலம்மாள் கூவிக் கூப்பிட்டாள். அம்சவள்ளியைச் சூலத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டினார். பின்னால், கொட்டகையைத் தாண்டி, பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆத்தா, மனசு எறங்கி ஒரு வார்த்த சொல்லு" என்றார் முதலாளி. "பாய்லரு இந்த லோடு வரைக்கும் தாங்குமா?"

அம்சவள்ளிக்குப் பாய்லரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சைரன் சார் சொன்னதை வரும் வழியில் கேட்டிருந்தாள். அது உண்மையாகத்தான் இருக்கும் என்றும் தெரிந்தது. சுலபமான வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொண்டையை அவிழ்த்துவிட்டு, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, "நிறுத்துடா" என்று ஒரு வார்த்தை. பாய்லரும் நிற்கும், மானமும் நிற்கும். அவள் கொண்டையில் கை வைத்தாள். ஊசியை உருவினாள். முடி தோளில் விழுந்தது.

"பேசு ஆத்தா" என்று ரம்பக் குரலில் சொன்னபடி இலக்கியா கற்பூரத் தட்டை நீட்டினாள். அதே கொட்டகையில்தான் அவள் மறுபடி கிழங்கு சீவ வந்திருந்தாள்.

அம்சவள்ளி தட்டைத் தாண்டிப் பார்த்தாள். கூட்டத்தின் கடைசியில் அன்புச்செல்வன் தோள் பையோடு நின்றிருந்தான். ஆத்தா என்ன சொல்லப் போகிறாள் என்று தப்பாமல் கேட்க வேண்டும் என்பதுபோல, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். படித்த பையன். தன் காதை அவன் நம்பவில்லை.

அவள் உடம்பைக் குலுக்கிப் பார்த்தாள். வரவில்லை. இன்றைக்கு ஆடி நிறுத்தினால், நாளைக்கு வேறொன்றைக் கேட்பார்கள்; அதற்கு அவளுக்குத் தெரியாத பதிலைச் சொல்லி, இவர்களில் எவளையாவது கொன்றுவிடுவாள். முடியை வாரிச் சுருட்டித் திரும்பவும் கொண்டை போட்டாள்.

"ஏய், இன்னாடி பண்ற? ஆத்தா இன்னும் பேசவே இல்ல" என்று சின்னராசு கூட்டத்திலிருந்து பதறினான்.

அம்சவள்ளி கற்பூரத்தை ஊதி அணைத்தாள். முதலாளியைப் பார்த்துச் சொன்னாள், அவளுடைய சொந்தக் குரலில்:

"ஆத்தாவும் வரல, ஒருத்தியும் வரல மொதலாளி. அன்னிக்கி இலக்கியாவுக்கு 'இருக்கேன்'னு கொரல் குடுத்தவ நான்தான். அவள உள்ள படுக்கச் சொன்னதும் நான், வெளிய கீறான்னு பொய் சொன்னதும் நான். மாட்டிக்குவேன்னு பயந்துகினு வாய மூடி நின்னுட்டு, அப்புறம்தான் கத்துனேன். நீங்க ஆத்தான்னீங்க. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு ஆடிட்டேன். அந்த சாரு காது நல்லாத்தான் கீது, என் வாய்தான் கெட்டுப்போச்சி. எனக்கு ஷட்டர் தூக்கவும் தெரியாது, பாய்லரும் தெரியாது, கெழங்கு சீவத்தான் தெரியும். போயி அந்தக் கம்பிய அவுக்கச் சொல்லுங்க."